கரண்ட் இல்லாத நீரூற்று

புகழேந்தி கட்டிய நீரூற்றுக்கு மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவர், பொழுது போகாமல் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. மொட்டை மாடிச் சுவர்மேல் ஒரு நீல டிரம். அதிலிருந்து தோட்டத்துத் தொட்டிவரை டியூப், நுனியில் சின்னத் துவாரம். மேலே உள்ள தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கிப் பீறிட்டு எழும்.

"எல்லாம் புவியீர்ப்பு" என்பார், அதை அவரே கண்டுபிடித்த மாதிரி.

இறங்கிய தண்ணீரை மறுபடி யார் மேலே ஏற்றுவது என்று வீடியோவில் சொல்லவில்லை போலிருக்கிறது. மனைவி பாக்யலட்சுமிதான் குடம் குடமாய் ஏற்றினாள். மாடித் தொட்டியிலேயே டியூபைச் செருகியிருக்கலாம். ஆனால் அதை நிரப்புவது மோட்டாராம். அப்புறம் 'கரண்டே இல்லை' என்று பீற்றிக்கொள்ள முடியாதாம். பெண்டாட்டியின் முழங்கால் கரண்டில் ஓடுவதில்லையே!

ஞாயிற்றுக்கிழமை காலனி சங்கத்தின் தோட்டப் பரிசுக்கு மார்க் போட ஆட்கள் வருவதாக இருந்தது. பாக்யலட்சுமி மாடியில் குடங்களை நிரப்பி வைத்து, சமோசா சுட்டு, டீ போட்டு, இஸ்திரி போட்ட புடவை கட்டினாள். வந்தவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிக்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"நீ மேலயே இரு," என்றார் புகழேந்தி. "தண்ணி கம்மியானா நான் இருமறேன், ஊத்து. எட்டி கிட்டிப் பாக்காத."

கம்பெனியிலும் இதே கதைதான். அவளும் அங்கே தையல் மெஷினில் இருந்தவள். வெளிநாட்டுப் பார்ட்டி ஆடிட்டுக்கு வந்தால், கம்பெனி கார்டு இல்லாமல் கணக்கில் வராத பெண்களை, அவளையும் சேர்த்து, மாடிக்கு ஏற்றிவிட்டுக் கீழே பூந்தொட்டி வைப்பார்கள். ஏற்றிவிடுகிறவர் இவர்தான். கல்யாணத்துக்கு முன்பும் மாடி, பின்பும் மாடி.

சங்கத் தலைவி முனவ்வர் பேகம் இரண்டு பேரோடு வந்தார். தண்ணீர் இடுப்புயரம் எழும்பி ஆடியது.

"மோட்டார் எங்க சார் வெச்சிருக்கீங்க?"

"மோட்டாரே இல்ல மேடம். தானா ஓடும்." இருமினார். பாக்யலட்சுமி ஊற்றினாள்.

"வேல ஜாஸ்தி வைக்குமா?"

"ஒரு வேலயும் கெடயாது." இருமினார். ஊற்றினாள்.

"நாள் பூரா ஓடுமா?"

"எப்பவும்!" என்றவர், கக்குவான் வந்தவரைப்போல இருமித் தீர்த்தார்.

மாடியில் பாக்யலட்சுமி கையிலிருந்த கடைசிக் குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, முனவ்வர் பேகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து டீயை எடுத்தாள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, கணுக்காலுக்கு இறங்கி, கொப்பளித்து நின்றது.

"இன்னா ஆச்சு?" என்றார் முனவ்வர் பேகம்.

"மோட்டார் டீ குடிக்குது மேடம்."

முனவ்வர் பேகம் அவளுடைய நனைந்த இடுப்பைப் பார்த்தார். விளங்கிவிட்டது. ஒரு சமோசாவை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"ஓடினாத்தான சார் மார்க் போடமுடியும்? நீங்க போய் ஓட்டுங்க. நாங்க இங்கதான் இருக்கோம்."

புகழேந்தி வேட்டியை மடித்துக் கட்டினார். பாக்யலட்சுமி டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"மேல ஒரு கொடம் ரொப்பி வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் கீழ வந்து மொண்டுக்கோங்க."