லெப்ட் பேக் ஆண்ட்ரூஸ்

கன்னியம்மா புருஷனின் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குக் கீழே அந்த வார்த்தை மறுபடி முட்டியது.

"கத்தாதய்யா. பக்கத்து வூட்ல எத்திராஜு கீறாரு," என்றாள் காதோரம்.

எத்திராஜ் போலீஸ்காரர். நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். அதை நினைத்தே பன்னிரண்டு வருஷமாக அவள் வீட்டுக்குள் குரலை உயர்த்தியதில்லை. ராயபுரத்துக்கு அவள் புருஷன் கொழும்பிலிருந்து வந்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர் ஆண்ட்ரூஸ். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக், சனிக்கிழமை கால்பந்தாட்டத்தில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் லெப்ட் பேக். உண்மையில் ஜெர்மன்காரர். அங்கே ஏழு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு பேக் ஆடியவர். முட்டி போனதும் கிளப் கைகழுவிவிட, கப்பலில் கரி தள்ள வந்து, யுத்தத்துக்கு முந்தின வருஷம் இங்கே இறங்கியவர் திரும்ப ஏறவேயில்லை. அந்தப் பழுதான முட்டியே ராயபுரத்து ஆட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

இதெல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஜெர்மன்காரர்களைப் பிடித்து முகாமில் அடைத்தபோது பிடித்த பயம், யுத்தம் முடிந்து ஆறு வருஷமாகியும் விடவில்லை. காகிதம் இல்லாதவன் செத்தால் பிணத்தைக்கூடத் தரமாட்டார்களாம்.

நாலு நாள் விஷக் காய்ச்சல். டாக்டர் நேற்றே உதட்டைப் பிதுக்கிவிட்டார். இன்று விடிந்ததிலிருந்து அவருக்குத் தமிழே வரவில்லை, வாயைத் திறந்தால் ஜெர்மன்தான்.

"ஹாபின்!"

கண்ணைத் திறந்து, அவளையே பார்த்துக் கத்தினார். அவள் இன்னும் அழுத்தினாள். விரலிடுக்கில் மூச்சு சுட்டது. பிறகு சுடவில்லை.

கையை எடுக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. நானே கொன்னுட்டேனா?

கதவு தட்டப்பட்டது. எத்திராஜ், பின்னால் ஆண்ட்ரூஸ் டீமின் கோல்கீப்பர் ஷாகுல் ஹமீது.

"சத்தம் நின்னுடுச்சேன்னு ஓடியாந்தோம்கா," என்ற எத்திராஜ் கட்டிலைப் பார்த்ததும் தலைப்பாகையைக் கழற்றினார்.

அவள் கட்டிலை மறைத்து நின்றாள். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? போலீஸ் டீமுக்கு அந்தச் சத்தம்னாலே பேஜாரு. அப்பால பந்து எங்க காலுக்கு வராது."

ஷாகுல் ஹமீது கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "கடைசி வரிக்கும் ஆடிக்கினே இருந்துக்குது எங்கண்ணன்."

ஆட்டம் நடக்கும் மைதானத்துப் பக்கம் அவள் ஒருநாளும் போனதில்லை. "அதுக்கு இன்னா அர்த்தம்பா?"

"தெரியாதாக்கா? பந்து என்னாண்ட வர்றப்பல்லாம் கத்தும். 'நான் பாத்துக்கறேன், நீ பயப்படாத'ன்னு. அத்தக் கேட்டா எனக்கு உசிரு வந்துடும்."

கன்னியம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பெருங்குரலெடுத்து அழவேண்டும் போலிருந்தது, அழுகை வரவில்லை.

எத்திராஜ்தான் பென்சிலை எடுத்தார். "ஆபீசுல எழுதிக் குடுக்கணும்கா. பொறந்த ஊரு கொழும்புதான?"

தலையை ஆட்டினால் போதும். அவள் கட்டிலில் கிடந்த புருஷனின் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஹாம்பர்க்," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

பென்சில் நின்றது. எத்திராஜ் அவளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுதத் தொடங்கினார்.

"அது எந்தப் பக்கம்கா கீது?"

அவளுக்கும் தெரியாது. கடல் இருந்த பக்கமாகக் கையை நீட்டினாள்.