ஆன்டெனா மாட்டாமல் பேசக்கூடாது

அப்பாவின் கருவிப் பெட்டியோடு வாசலில் இறங்கிய விஜயராணியை நம்பிராஜன் சித்தப்பா மறித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஐஸ் பெட்டிக்குள் அப்பா சுடலைக்கண்ணன் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சுவலி. சயான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஏட்டி, சாவு வீட்டுலேருந்து எங்க கெளம்புத?"

"மாஹிமுக்கு. மாரியக் கூப்பிடப் போறேன்."

தம்பி மாரிசெல்வம் இனாயத்துல்லா சேட்டின் மீன்பிடிப் படகில் கடலுக்குப் போயிருந்தான். அங்கே மொபைல் எடுக்காது. இன்றைக்குத் திரும்புவானா, நாளை மறுநாளா, யாருக்கும் தெரியாது. ஆளே அகப்படாதவனுக்காக உடம்பைப் போட்டுவைக்க முடியாது, சாயங்காலமே எடுத்துவிடலாம், என் மகன் கொள்ளி வைக்கட்டும் என்று சித்தப்பா முடிவுகட்டிவிட்டார். விஜயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான், அவன் வந்து கடைசியாக முகம் பார்க்காமல் எரிப்பார்களாமே!

வழி ஒன்றுதான் இருந்தது. சேட்டின் புதுப்படகு மாஹிம் கரையில் நின்றது. நேற்றுதான் அப்பா அதில், மாரி போன படகில் இருப்பதுபோலவே ஒரு வயர்லெஸ் பெட்டியைப் பொருத்தி, பேட்டரிக்கு வயர் இழுத்துவிட்டு வந்தார். ஆன்டெனா வேலை பாக்கி. பத்தாவது முடித்ததிலிருந்து அவருடைய ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தவள் அவள்.

"அவன் வாரான்னு சேதி கொண்டு வாரேன். அதுவர எடுக்கக் கூடாது" என்றாள்.

சித்தப்பா வாயெடுத்தார். உள்ளேயிருந்து அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "அவ போகட்டும்" என்றாள். சித்தப்பா வழியை விட்டார்.

மாஹிமில் கடல் உள்வாங்கியிருந்தது. முழங்கால் சேற்றில் நடந்து படகில் ஏறினாள். விஷயம் கேள்விப்பட்டிருந்த சேட், இவளைக் கண்டதும் பதறிப்போய், தானே கூப்பிடுவதாக மைக்கைக் கையில் எடுத்தார். எட்டிப் பிடுங்கினாள். ஆன்டெனா மாட்டாமல் பட்டனை அமுக்கினால் பெட்டி கருகிவிடும், இருப்பதோ இந்த ஒன்று என்று இந்தியில் சொன்னாள். சேட் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்கினார்.

படகின் கொடிமரத்தில் ஏறி உச்சியில் ஆன்டெனாவை முறுக்கினாள். கீழே இறங்கி, படகு பேட்டரியிலேயே சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, ஆன்டெனா வயர் நுனியில் பிளக்கைப் பற்றவைத்தாள். மீட்டரை வைத்தால் கீச்சென்றது. உள்ளே தொடக்கூடாத இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்னய்யா அவசரம் ஒனக்கு? இத மாட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று அப்பாவைத் திட்டினாள். அழுதாள். அழுதுகொண்டே அந்தப் பிளக்கை வெட்டியெறிந்துவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தாள். இந்தத் தடவை மீட்டர் சத்தம் போடவில்லை.

பிளக்கைப் பெட்டியில் திருகி, மாரி இருந்த படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரைச்சல். மறுபடி கூப்பிட்டாள். யார் யாரோ மராத்தியில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். விடவில்லை. தொண்டை கம்மும்வரை கூப்பிட்டாள்.

"விஜியா?" மாரியின் குரல் பக்கத்தில் நிற்பவன் போலக் கேட்டது. "அப்பா ஒன்னயும் படகுல ஏத்திட்டாரா? நல்லாக் கேக்குதுன்னு சொல்லு. ஆன்டெனாவ எம்புட்டு ஒசரத்துல கெட்டுனாரு? இங்க நல்ல மீன்பாடு, இன்னும் ரெண்டு நாளு கெடப்போம். அவருக்கு நெய்மீன் ஒண்ணு தனியா எடுத்து வச்சிருக்கேன்..."

எதிராளி பட்டனை விடும்வரை இந்தப் பக்கம் பேச முடியாது. அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள்.

"அவர்ட்ட குடு" என்று சொல்லிவிட்டுப் பட்டனை விட்டான்.

அமுக்கினாள். "மாரி, அப்பா காலைல தவறிட்டாருலே. நீ மொகம் பாக்காம எடுக்க விடமாட்டேன். கெளம்பி வா."

இரைச்சல் மட்டும் வந்தது. சேட் தலைக்குல்லாவைச் சரிசெய்துகொண்டு கீழே பார்த்தார்.

பிறகு அந்தப் பக்கம் மாரி பட்டனை அமுக்கும் சத்தம். வலையை இழுங்கள், கரைக்குத் திருப்புங்கள் என்று யாரோ கத்துவது கேட்டது. அப்புறம் எஞ்சின் உறுமி, வேகம் பிடித்தது. மாரி பட்டனை விடவே இல்லை.