முன்பின்னாகத் தைத்த புத்தகம்

அம்மா செத்துப்போனதைச் சிட்டுவிடம் யார் சொல்வது என்று அந்த வீட்டில் ஒரு மாதமாகப் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது சித்தியின் தலையில் வந்து விடிந்தது. ‘அம்மா ஊருக்குப் போயிருக்கா’ என்று முதல் பொய்யை அவிழ்த்துவிட்ட அப்பாவோ, “நீ சொன்னா கேட்டுப்பா. எனக்கு வாய் வரலம்மா” என்று நழுவிக்கொண்டார். ஆறு வயதுப் பிள்ளையிடம் பொய் சொல்லும்போது மட்டும் அவருக்கு வாய் நன்றாகவே வந்தது.

சித்திக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. அப்போது அங்கே ஒரு படப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொல் கிடையாது, பக்க எண்கூடக் கிடையாது. ஒரு பெரிய பூனை, ஒரு குட்டி. முதல் ஃபாரத்தில் (பதினாறு பக்கமாக மடித்த தாளுக்கு அச்சகத்தில் அதுதான் பெயர்) இரண்டும் சேர்ந்து சாப்பிடும், விளையாடும், கட்டிப்பிடித்துத் தூங்கும். இரண்டாவதில் பெரிய பூனையின் இடம் காலி. குட்டி வீடெல்லாம் தேடும், அழும், கடைசிப் பக்கத்தில் ஜன்னலோரம் வெயிலில் தனியாக உட்கார்ந்திருக்கும். சாவைப் பேசாமலே பிள்ளைகளுக்குப் புரியவைக்கும் என்றார் மேனேஜர். சித்திக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாயையே திறக்க வேண்டாமே!

அவரிடம் கேட்டு, கழித்துப்போட்ட தாள்களில் இரண்டு ஃபாரம் பொறுக்கி, சாப்பாட்டு நேரத்தில் அவளே ஒரு பிரதி தைத்தாள். படத்தைப் பார்த்தால் அக்கா ஞாபகம் வந்தது. அதனால் பார்க்காமலே தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைச் சிட்டுவிடம் நீட்டிவிட்டு, சமையலறைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். அதற்குப் பெயர் கோழைத்தனம்தான். கொஞ்ச நேரத்தில் சிட்டு ஓடிவந்தாள்.

“புரிஞ்சிடுச்சு சித்தி!” முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? “சொல்லியாச்சு மாமா” என்று அக்கா கணவரிடம் பெருமையடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் முதல் சிட்டு ஜன்னலை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டாளாம். சாப்பாடும் அங்கேதானாம். அப்பா கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், பிறகு சித்திக்குப் போன் போட்டார்.

“இங்கயே உக்காந்திருந்தா என்னடி ஆகும்?” என்றாள் ஓடிவந்த சித்தி.

“அம்மா வந்துடுவா. நீ குடுத்த புக்குலதானே இருக்கு!”

சிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். முதலில் காலி இடம். பிறகு தேடல், அழுகை, ஜன்னல். அடுத்த பக்கத்தில் பெரிய பூனை தட்டு நிறையச் சாப்பாட்டோடு நின்றது. கடைசியில் இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்கின. சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு ஃபாரத்தையும் முன்பின்னாக மாற்றித் தைத்திருக்கிறாள்.

கத்திரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள். “சித்தி தப்பா தைச்சிட்டேன் கண்ணு. இதுதான் முதல்ல வரணும்.” அடுக்கிக் காட்டினாள். இப்போது குட்டி ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருப்பதோடு புத்தகம் முடிந்தது.

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல.”

“பெரிய பூனை எப்ப வரும்?”

அப்பா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். சித்திக்கு ஒளிந்துகொள்ள இனி இடமில்லை.

“வராது. உங்கம்மாவும் வரமாட்டா. அவ ஊருக்குப் போகலடி. செத்துப்போயிட்டா.”

சிட்டு அவளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் படபடவென்று அடிக்க ஆரம்பித்தாள். “நீ ஏன் வெட்டின? நீ வெட்டினதாலதான் வரமாட்டா! மறுபடியும் அதே மாதிரி தைச்சுக் குடு!”

தைத்துக் கொடுத்துவிட்டால் பிள்ளை அடங்கிவிடும். சித்திக்கு அந்த ஆசை வரத்தான் செய்தது. அடியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

“தைச்சாலும் வரமாட்டாடி.”

அன்றுதான் சிட்டு அம்மாவுக்காக முதல்முறையாக அழுதாள். சித்தி தூக்கப் போனாள். பிள்ளை கிட்டே விடவில்லை.