முத்தாயி ரெபோங் குழம்பு

இன்னும் கிட்ட வாங்க, கண்ணுங்களா. காற்றாடி போடும் சத்தத்தில் என் குரல் உங்களுக்குக் கேட்காது. இன்றைக்கு ஒரு குழம்பின் கதை சொல்கிறேன். நடுவில் உங்களுக்குச் சிரிப்பு வரும், அதற்கு நான் பொறுப்பு. முடிவில் என்மேல் கோபம் வந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு.

இந்த வருடத் தொடக்கத்தில் மோகனா என்ற பெண் லோபாக்கில் என் வீட்டைத் தேடி வந்தாள். நெகிரி செம்பிலானுக்குப் பிழைக்க வந்த சனங்கள் இந்த மண்ணின் சாப்பாட்டில் என்னென்ன சேர்த்தார்கள் என்று அவளுடைய சங்கம் ஒரு புத்தகம் போடுகிறதாம்.

"தோட்டத்துச் சமையலுக்கு நீங்கதான் சரியான ஆளுன்னு எல்லாரும் சொன்னாங்க ஆண்ட்டி" என்று கைபேசியை என் முன்னால் வைத்தாள்.

ரெபோங் குழம்பைப் பற்றிச் சொன்னேன். ரெபோங் என்றால் மூங்கில் குருத்து. மலாய்க்காரர் செய்வதுபோலத் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சிலி பாடி என்கிற ஊசி மிளகாயும் போட்டு, நம் பங்குக்குச் சீரகமும் கறிவேப்பிலையும் கருவாடும் சேர்த்த குழம்பு. மோகனாவுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

"இத மொதல்ல செஞ்சது யாரு ஆண்ட்டி?"

"எங்க அம்மா முத்தாயி" என்றேன்.

பொய், கண்ணுங்களா. இமைகூடக் கொட்டாமல் சொன்ன பொய்.

அந்தக் குழம்பைச் செய்தவள் பெட்ரிசியா. இன்று செண்டாயானில் வரிசை வரிசையாக வீடுகள் நிற்கும் பக்கத்தில்தான் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. அவளும் நானும் ஒரே புல்வெட்டுக் கும்பல். அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலாய்க் கிராமத்தில், கம்பத்தில், இருந்த மாக் சிக் ரொக்கியா என்ற மலாய்க்கார அம்மாவுக்கு முருங்கைக்கீரை கொடுப்பாள். அந்த அம்மா ரெபோங் கொடுத்து, சமைக்கவும் சொல்லிக்கொடுத்தார். பெட்ரிசியா அதில் தன் கைப்பக்குவத்தைச் சேர்த்தாள்.

ஒருநாள் அவள் ஒரு கிண்ணம் குழம்பை எங்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். அம்மா மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"கிறிஸ்து வேதத்துல சேந்தவங்க வீட்டுச் சட்டியில என்ன வெந்துச்சோ" என்று சொல்லி, பின்பக்கக் கால்வாயில் ஊற்றினாள். கிண்ணத்தைக் கழுவி என்னிடம் கொடுத்தாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி அரிசியாவது, இரண்டு மிளகாயாவது இருக்கும். அந்தக் கிண்ணத்தை நான் வெறுமையாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்ரிசியா வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்காட்டில் பத்து மணிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, அவள் தூக்குச்சட்டியில் அதே குழம்பு. பாதியை என் பக்கம் தள்ளினாள். தோட்டம் விற்கப்படும்வரை பதினேழு வருடம் அவள் சட்டியில் கை போட்டுத் தின்றேன். அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட குழம்புக்கு, அதைக் கால்வாயில் ஊற்றியவளின் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கைபேசி முன்னால் இருந்தது. எனக்கும் அம்மாவைச் சொல்லி ஒரு பெருமை வேண்டியிருந்தது.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் மண்டபத்தில் ஒரு விருந்து வைத்தார்கள். ஒவ்வொரு சமூகமும் தன் உணவைச் சமைத்து மேசையில் வைக்க வேண்டும். கடையில் வேகவைத்து விற்கும் ரெபோங்கை வாங்கி வீட்டில் ஒருமுறை சமைத்துப் பார்த்திருந்தேன். நன்றாகவே வந்தது. மண்டபத்துக்குப் புதுசாகவே இருக்கட்டும் என்று வீம்பு பிடித்துப் பாசார் சந்தையில் பச்சைக் குருத்து வாங்கினேன். நறுக்கினேன், நேராகக் குழம்பில் போட்டேன்.

முதல் கரண்டி வாங்கிய பெரியவர் அமிர்தலிங்கத்தின் முகம் கோணியது. "மருந்து மாதிரி இருக்கும்மா, ஒடம்புக்கு நல்லதுதான்" என்று சொல்லித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அடுத்தவர் தண்ணீர் தேடி ஓடினார். வேப்பங்காய்க் கசப்பு.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"ஏன்டி தனம், அரிசி கழுவுன தண்ணியில ஊறப் போடலியா? ரெண்டு தடவ வேக வெச்சு தண்ணியக் கொட்டலியா?"

பெட்ரிசியா. விருந்துச் செய்தி கேட்டு அம்பாங்கானிலிருந்து மருமகள் ஏஞ்சலாவோடு வந்திருந்தாள். எனக்குத் தெரிந்தால்தானே கொட்டுவேன்? அதெல்லாம் அவள் தன் வீட்டில் செய்துவிட்டு வருவாள். நான் தின்ன மட்டும் தெரிந்தவள்.

மேசைமேல் இருந்த பெயர் அட்டையைக் கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். "முத்... தாயி... ரெபோங் குழம்பு." என்னைப் பார்க்காமல் சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"ஏஞ்சலா, இந்தச் சட்டியப் பின்னால தூக்குலா. மிச்சக் குருத்து இருக்கா? ஆளுக்கு ரெண்டு வாய் குடுக்கலாம்."

மண்டபத்தின் பின்கட்டில் அவள் குருத்தை வேகவைத்து வடித்தாள், மறுபடி வேகவைத்தாள். நான் தேங்காய்ப்பால் பிழிந்தேன். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும்.

"மோகனா, இங்க வாம்மா" என்று கூப்பிட்டேன். "அட்டையில இருக்கற பேரு பொய். எங்கம்மா இதச் செய்யல. இவ செஞ்சு அனுப்புனா. எங்கம்மா கால்வாயில ஊத்துனாங்க. வெறுங்கிண்ணத்தக் கொண்டுபோய்க் குடுத்தவ நான்."

பெட்ரிசியா கரண்டியை நிறுத்தாமல் சொன்னாள்:

"ஊத்துனத நான் பாத்தேன்லா. பைப்படியிலதான் நின்னேன்."

"பாத்துட்டுமா மறுநாள் எனக்குக் கொண்டாந்தே?"

"நீயா ஊத்துனே? நீதான் சட்டிய வழிச்சு வழிச்சுத் தின்னியே." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா தனம், ரெண்டு மொளகாயாச்சும் போட்டுக் குடுத்திருக்கலாம் நீ."

பிழிந்த தேங்காய்ப்பாலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அப்ப பெட்ரிசியா ஆண்ட்டி பேர் போடட்டுமா?" என்றாள் மோகனா.

"மாக் சிக் ரொக்கியா பேர மொதல்ல போடு. அப்புறம் எம்பேரு."

அப்படியே போட்டார்கள். சட்டி அரை மணியில் காலியானது. பெரியவர் அமிர்தலிங்கம் மூன்றாம் முறை வந்து நின்றார்.

போகும்போது பெட்ரிசியா ஒரு டப்பாவில் எனக்கும் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். கழுவிக் காயவைத்த அந்த டப்பா மூன்று வாரமாக என் அடுப்படியில் இருக்கிறது. முறுக்கு வைத்துப் பார்த்தேன், போதவில்லை. அதிரசம் வைத்தேன், போதவில்லை. எதை வைத்தாலும் அந்தப் பழைய கிண்ணம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இன்று காலை முறுக்கை நிரப்பி, அதன்மேல் இரண்டு மிளகாயும் வைத்து மூடிவிட்டேன். உங்களை அனுப்பிவிட்டு அம்பாங்கானுக்குப் பஸ் ஏற வேண்டும்.

நீங்களும் வீட்டுக்குப் போங்க, கண்ணுங்களா. உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் உங்கள் வாயில் நிற்கட்டும். அடுத்த வீட்டுக் கிண்ணம் உங்கள் வாசலைவிட்டு ஒருநாளும் வெறுமையாகப் போகாதிருக்கட்டும்.