டொராண்டோ கடிகாரம்

பிலிப் வாத்தியாருக்குக் கணக்கில் கொஞ்சம் திமிர் உண்டு. மகன் கிளிஃபர்ட் டொராண்டோவிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம், கிளம்புகிற நேரத்தை மட்டும் நீ சொல்லு, இறங்குகிற நேரத்தை நான் சொல்கிறேன் என்பார். துபாய் வழியாகப் பதினாலாயிரம் கிலோமீட்டர். துபாய் வரை பதின்மூன்று மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் தேவுடு காக்கணும், அப்புறம் ஒரு நாலு. ஆக இருபது. சாந்தோம் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தார். ஒன்றில் நம்ம நேரம், மற்றதில் டொராண்டோ நேரம். அதைப் பார்த்துச் சொன்னால் சொன்னதுதான். பத்து வருஷத்தில் பத்து நிமிஷம் பிசகியதில்லை.

அந்த மனுஷன் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார்.

மறுநாள் கிளிஃபர்ட் ஏர்போர்ட்டிலிருந்து பேசினான். அங்கே காலை எட்டரைக்கு ஃப்ளைட் என்றான். அதற்குமேல் அழுகைதான். "நான் வர்ற வரைக்கும் அப்பாவ மூடிடாதம்மா."

வெரோனிகா கடிகாரத்துக்குக் கீழே நின்று, புருஷன் போட்ட மாதிரியே கணக்குப் போட்டாள். புதன் மதியம் இரண்டு மணிக்கு இறங்குவான், மூன்றரைக்கு வீடு. அடக்கத்தை வியாழன் காலை வைத்துக்கொள்ளலாமா, புதன் சாயங்காலம் கல்யாணப் பூசை இருக்கிறதே என்று பங்குச் சாமியார் கேட்டார். புதனே வையுங்கள் ஃபாதர், நாலு மணிக்குப் பெட்டியை எடுத்துவிடலாம் என்றாள் இவள். தங்கை மகள் கரோல், ஃப்ளைட் எப்போது இறங்குகிறதென்று ஃபோனில் ஒருதடவை பார்த்துவிடலாமா பெரியம்மா என்று இழுத்தாள். வெரோனிகாவுக்குச் சுருக்கென்றது. அவர் கணக்கைத் திருத்த ஒரு ஃபோனா? வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள்.

புதன்கிழமை இரண்டு மணி ஆனது, இரண்டரை ஆனது, ஃபோன் வரவில்லை. மூன்று பத்துக்கு வந்தது. இப்போதுதான் இறங்கினேன் என்றான். சாமியார் பாவம், கால் மணி நேரம் பொறுத்தார். அதற்குமேல் அவர் கையிலும் இல்லை. நாலேகாலுக்கு முகத்துணியைப் போட்டு மூடியை வைத்து ஆணி அடித்தார்கள். அந்நேரம் கிளிஃபர்ட் கத்திப்பாரா நெரிசலில் நின்றுகொண்டிருந்தான். கல்லறைத் தோட்டத்துக்கு ஓடிவந்தவனுக்குப் பெட்டிதான் தெரிந்தது. ஒரு பிடி மண் போட்டான், அவ்வளவுதான் கொடுத்துவைத்தது.

வீட்டுக்கு வந்தும் அவன் செருப்பைக் கழற்றவில்லை. டொராண்டோ கடிகாரத்தையும் தன் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுதும்மா. குளிர்காலம்னு ஞாயித்துக்கெழம அங்க மணிய பின்னாடி வச்சிட்டாங்க. அப்பா மாத்தலையா?"

வருஷா வருஷம் நவம்பரில் ஒருதடவை, மார்ச்சில் ஒருதடவை ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்புகிறவர் அவர்தான். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவள் வேலை. எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தார். பேச முடியவில்லை. ஒற்றை விரலைத் தூக்கி இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். இவள் எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டிவிட்டு வந்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டி, மறுபடியும் சுற்றிக் காட்டினார். இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.

வெரோனிகா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஃபேன் கேக்குறாருன்னு நெனச்சேன்டா," என்றாள்.