ஒன்பதுக்குப் பிறகும் எண்ணியவன்

...ஒன்பதுதானாம், பதினான்கு இல்லையாம், பதினோரு வருஷமாக இந்த நகராட்சிக் குளத்து நீச்சல் போட்டியில் வேகம் குறைந்தவர்கள் முதலில் குதிக்க, செத் கிளெக்காகிய நான் மட்டும் பதினான்கு எண்ணும்வரை கரையில் நிற்க வேண்டும் என்றிருந்ததே, அந்த நிற்பதைத்தானே கிரீடம் மாதிரி நான் வேலை பார்க்கும் தறிக்கூடத்துக்கும் சூடிக்கொண்டு போனேன்... அதில் ஐந்தை வெட்டிவிட்டான் ஹிண்டில். கறிக்கடைக்காரன், எங்கள் நீச்சல் சங்கத்தில் யார் எத்தனை வினாடி பொறுப்பது என்று நிர்ணயிப்பவன். கொக்கியில் தொங்கும் தொடையைப் பார்க்கிற அதே கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒம்போதுடா செத், சந்தோஷமா வாங்கிக்கோ" என்றான். "எதுக்குய்யா இந்தத் தருமம்?" என்றேன். "போன மாசம் நீ தண்ணியத் தள்ளல, தண்ணிதான் உன்னத் தள்ளிக்கிட்டுப் போச்சு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய?

ஒன்று, என்கிறார் எண்ணுபவர், தபால்காரன் ஆஷ்வொர்த் தொப்பென்று விழுகிறான், அவனுக்கு எப்போதும் ஒன்றுதான், கவலையில்லாத மனிதன். திங்களன்று நிரப்பிய தண்ணீர், இன்று சனி, ஊர் முழுக்கக் குளித்துப் பட்டாணிக் கஞ்சியாகக் கிடக்கிறது, இதற்குள் தலையை விடுவதற்கா இத்தனை ஆசை? மூன்று. குளத்து மேலாளர் பிம்லட் காலையில் கேட்டாரே, "திங்கக்கிழம வந்து சேந்துக்கோ செத், நீச்சல் சொல்லிக்குடு, பஞ்சுத் தூசியும் கிடையாது, இருமலும் நிக்கும். ஆனா கூலி வாங்கிட்டா அப்புறம் எந்தப் போட்டியிலயும் குதிக்க முடியாது, தெரியும்ல?" தெரியாதா, காசு தொடாத சுத்தமான ஆட்களாயிற்றே நாங்கள், ஜெயித்தால் பரிசு ஒரு கடிகாரம், வீட்டில் ஆறு இருக்கிறது, ஆறும் ஆறு நேரம் காட்டும், "ஏழாவதா ஒண்ணு கொண்டாந்தீங்க, அதோட நீங்களும் வாசல்லயே நில்லுங்க" என்கிறாள் என் பெண்டாட்டி ஹன்னா. ஐந்து. இன்று ஜெயித்தால் தறியும் போட்டியும், தோற்றால் பிம்லட்டின் வேலை, இப்படித்தான் எனக்குள்ளேயே பேரம் முடித்திருந்தேன், பிறகல்லவா ஹிண்டில் இந்த ஒன்பதைப் போட்டான்... சலுகை விலையில் ஜெயித்தால் அது ஜெயிப்பா? ஏழு. தோள் கனக்கிறது, இன்னும் நனையவே இல்லை, அதற்குள் கனக்கிறது... எட்டு. ஒன்பது.

பத்து. பதினொன்று, இது யார் எண்ணுவது? எண்ணுபவர் வாயை மூடிவிட்டார், கடைசி ஆள் நான்தான், ஒன்பதோடு அவர் வேலை முடிந்தது. "டேய் செத்! போடா! தூங்குறியா?" ஹிண்டிலின் குரல். பதினான்குக்குப் பழகிய கால் என்று சொல்லிக்கொள்ளலாம், ஊர் நம்பும், ஹன்னா நம்பமாட்டாள். ஒன்பது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்ததே! பன்னிரண்டு. வேடிக்கை பார்க்க மாடத்தில் இருப்பவர்கள் எழுந்துவிட்டார்கள், நீந்துகிறவர்களை ஒருவரும் பார்க்கவில்லை, எல்லாக் கண்ணும் என்மேல், வெட்கமாக இருக்க வேண்டும், இல்லையே, உடம்பில் சூடு ஏறுகிறதே, அந்தப் பழைய சூடு... பதிமூன்று. எனக்கு இத்தனை வருஷமும் பிடித்திருந்தது இந்தக் கரைதானோ, தண்ணீரே இல்லையோ? பதினான்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், வாய்விட்டு, கால்விரல்கள் விளிம்பை இன்னும் விடவில்லை.