கண்டாக்கைத் தூக்கிய தேங்காய்

யானை கட்டி இழுத்தாலும் அசையாத, வேலையாட்களை மேற்பார்க்கும் பெரிய கண்டாக்கு கந்தப்பனை, வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், இராயப்பன் ஒரேயொரு தேங்காயால் கூரை உயரத்துக்குத் தூக்கினான்.

ஹட்டனில் படித்துவிட்டு வந்த இராயப்பனுக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை வேண்டும். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் சிபாரிசு செய்ய வேண்டியவர் கண்டாக்கு. "என்னத்தடா படிச்சே?" என்று அவர் கேட்க, அவன் பௌதிகத்தில் திருப்பம் என்ற பாடத்தைச் சொன்னான். நீண்ட கோலொன்றில், அதைத் தாங்கும் கல்லிலிருந்து போதுமான தூரத்தில் தொங்கவிட்டால் தேங்காய்கூட ஆளைத் தூக்குமாம்.

"தேங்காயா? என்னயவா? தூக்கிக் காட்டு, வேலை ஒனக்குத்தான்."

சவுக்கு மரமொன்றைக் கல்லின் மேல் கிடத்தி, குட்டையான பக்கத்தில் கண்டாக்கை உட்கார வைத்தான். நீண்ட பக்கத்தை லயத்துக் குடியிருப்பு ஆட்கள் உயர்த்திப் பிடித்தார்கள். கணக்குப்படி அவர் விரலளவு எழும்பினால் போதும். ஆனால் புத்தகத்துக் கணக்கில் கோலுக்கு எடை கிடையாது. இராயப்பனும் மரத்தின் எடையைச் சேர்க்க மறந்துபோனான். தேங்காயைக் கட்டி எல்லோரும் கையை விட்டதும் மரம் தடாலென்று சாய, கண்டாக்கு பறந்துபோய் மாட்டெருக் குழியில் விழுந்தார்.

வாத்தியார் வேலை வேறொருவனுக்குப் போனது. "சறுக்கி விழுந்தேன். தேங்காயாவது, தூக்குறதாவது" என்று கண்டாக்கு சாதித்தார். பார்த்தவர்களும் பயந்து ஆமாம் போட்டார்கள். அதோடும் விடாமல், இராயப்பனின் பேரையே தோட்டத்துப் பதிவிலிருந்து வெட்டி வெளியேற்றச் சொல்லி, அவனையும் இழுத்துக்கொண்டு துரை முன்னால் போய் நின்றார்.

துரை பேனாவைத் திறந்தார். "நீ சறுக்கி விழுந்துச்சு. அவன் என்ன தப்பு செஞ்சுச்சு?"

கண்டாக்கு இராயப்பனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"தேங்காயால என்னயத் தூக்கிட்டான் தொரை. நெசந்தான்."